கோயில் அரிசி

அருள்தாஸ் தெருமுனை திரும்பும்போதே தவிட்டு வாசனை வீட்டுக்கு வந்துவிடும். அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஞானசுந்தரி தலையைத் திருப்பாமலே, "ஜெயமணி, உங்க நைனாவுக்குத் தண்ணி மொண்டு வையி" என்பாள். பகலெல்லாம் ரைஸ் மில்லில் அரவை மிஷினோடு நிற்கிற மனிதர். புருவம், காது மடல், சட்டைத் தையல் என்று எங்கே தட்டினாலும் தவிடு உதிரும். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், தட்டு வைப்பதற்குள் வாசலில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் பிரசவ வலி, வண்டி பிடிக்க வேண்டும். இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி கையில் கழியை எடுத்துவிட்டார்கள், விலக்க வேண்டும்.

"ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் நீதான் ஆளா? வூட்ல கீறவங்களுக்கு யாரு?" என்று ஞானசுந்தரி கேட்பாள்.

"தோ வந்துட்டம்மே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போவார். சோறு ஆறிப்போன பிறகுதான் திரும்புவார். ஆறின சோற்றை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிடுவார். அதனால் அவளுக்கு மேற்கொண்டு சண்டை போடவும் வழியிருக்காது.

உத்திரமேரூர் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த சேரி அது. தெருவில் பாதி வீடுகள் கிறிஸ்தவர்கள், மீதி வீடுகள் மாரியாத்தாளைக் கும்பிடுகிறவர்கள். இரண்டு பக்கத்துக்கும் சொந்த நிலம் என்று ஒரு சாண் கிடையாது. அடுத்தவர் கழனியில் நடவு, அறுப்பு, அதுவும் இல்லாத நாளில் மண் வெட்டு. அந்தத் தெருவிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அருள்தாஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவர். மில் முதலாளி ஏகாம்பரம் அவரை மூட்டை தூக்கத்தான் சேர்த்தார். அரவை மிஷின் பெல்ட் அறுந்து எல்லோரும் ஓடிய ஒரு நாள், இவர் மட்டும் ஓடாமல் எஞ்சினை நிறுத்தினார். அன்றிலிருந்து மிஷின் அவர் பொறுப்பு.

தெருக்கோடியில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. மண் சுவர், பனையோலைக் கூரை, உள்ளே ஒரு மரச் சிலுவை, தரையில் பாய். போதகர் செங்கல்பட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அருள்தாஸ்தான் ஜெபம் நடத்துவார். பெரிதாகப் பிரசங்கம் செய்ய அவருக்கு வராது. நோயாளிகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். அதில் மாரியாத்தாளைக் கும்பிடுகிறவர்களும் இருப்பார்கள், ஊர்த்தெருக்காரர்களும் இருப்பார்கள். ஒரு தடவை கன்று போட முடியாமல் தவித்த முதலாளியின் பசுவுக்காகவும் ஜெபித்தார். பின்வரிசையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞானசுந்தரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் முகம் அத்தனை உண்மையாக இருந்தது. அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தக் கோயில் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு சட்டியில் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பிடியரிசிக் காணிக்கை. கஞ்சி காய்ச்சுகிற நாளிலும் அந்த ஒரு பிடி போகும். அந்த அரிசியை விற்று வருகிறதெல்லாம் கோயிலுக்கு ஓடு போடுவதற்கு என்று சேர்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழையில் அந்தக் கூரை ஒழுகாத இடம் கிடையாது. ஞானசுந்தரியின் கல்யாணத்தன்றே மோதிரம் மாற்றும்போது தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்து, புதுச் சேலையில் சாயம் இறங்கியது. அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. ஓடு போட்ட கோயிலில் தன் மகள் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு பிடியும் எடுத்தாள்.

ஜெயமணி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தாள். பள்ளிக்கூடங்களில் மதியச் சோறு போட ஆரம்பித்த புதிது. அரசாங்கம் கொஞ்சம் கொடுக்கும், மீதியை ஊர் போட வேண்டும். உத்திரமேரூரில் அரிசிக்கு ஏகாம்பரம் முதலியார் ஒத்துக்கொண்டார். பெரிய பித்தளை அண்டா ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். அதன் கழுத்தில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். சேரிப் பிள்ளைகள் அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் வந்தார்கள். வந்த இடத்தில் எழுத்தும் படித்தார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் நடுவில் மட்டும் ஒரு குட்டை அளவு தண்ணீர் நின்றது. நெல் வராமல் மில் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தது. முதலியார் அரிசியை நிறுத்தினார். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

"நைனா, செங்கேணி ஸ்கூலுக்கு வர்றதில்ல" என்றாள் ஜெயமணி ஒரு சாயங்காலம்.

செங்கேணி, பக்கத்து வீட்டு இருசப்பப் பெரியவரின் பேத்தி.

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"மாடு மேய்க்கப் போயிக்கினு கீறா. மாட்டுக்காரங்க கூழு ஊத்தறாங்களாம். நம்ம தெருவுல இருந்து நானும் இன்னும் ரெண்டு பேரும்தான் போறோம்."

அருள்தாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெகு நேரம் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்தால் எதற்கோ அடி போடுகிறார் என்று ஞானசுந்தரிக்குத் தெரியும். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஜெபம் முடிந்து காணிக்கை கொட்டுகிற நேரத்தில் அவர் ஒரு காலிச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே இந்த அரிசி பள்ளிக்கூடத்துக்குப் போவட்டும். நம்ம புள்ளைங்களும் துன்னும், ஊர்ப் புள்ளைங்களும் துன்னும். ஓடு அப்பால போட்டுக்கலாம்."

முதலில் பேசியவர் இருசப்பன். அந்தக் கோயிலுக்கு மண் பிசைந்து சுவர் எழுப்பியவர்களில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஆண்டவருக்குன்னு எடுத்து வெச்சதை ஊருக்குத் தூக்கிக் குடுக்கறதா? நான் கண்ண மூடறதுக்குள்ள ஓட்டப் பாக்கணும்னு கீறேன், அருளு."

"உங்க பேத்தி மாடு மேய்க்குது, பெரியப்பா."

"மேய்க்கட்டும். நான் மேய்க்கல?"

"நீங்க மேய்ச்சீங்க. எங்க நைனாவும் மேய்ச்சாரு. போதாதா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆண்கள் பாயைப் பார்த்தார்கள். பெண்கள் முடிச்சை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அருள்தாஸ் சாக்கின் வாயை விரித்தபடி நின்றுகொண்டே இருந்தார். ஞானசுந்தரிக்கு, கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சபை நடுவில் இப்படி வந்து நிற்கிறாரே என்று கோபம். ஓடும் போயிற்று என்கிற கோபம். ஆனால் அந்த மனிதர் வெறும் சாக்கோடு தனியாக நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போனாள். முடிச்சை அவிழ்த்து அரிசியைச் சாக்கில் கொட்டினாள். அவர் முகத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. துணியை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழவி வந்தாள். அப்புறம் செங்கேணியின் அம்மா, மாமனார் இருசப்பன் பார்க்கும்போதே வந்து கொட்டினாள். சாக்கு அரைவாசி நிறைந்தது.

மறுநாள் காலையில் அருள்தாஸ் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமை ஆசிரியர் வேதாசலம் நல்லவர், ஆனால் பயந்தவர். எங்கிருந்து வந்த அரிசி என்று கேட்டுக்கொண்டார், பிறகு ஒன்றும் கேட்காமல் அண்டாவை நிமிர்த்தச் சொன்னார். சமையலுக்கு இருந்த ஆண்டாளம்மாள் புருஷனை இழந்தவள், ஊர்த்தெருக்காரி. புடைத்துப் பார்த்து, "ஒவ்வொரு வூட்டு அரிசியும் ஒவ்வொரு மாதிரி கீதே, ஒண்ணு வெந்தா ஒண்ணு வேகாது" என்று சொல்லிக்கொண்டே உலையில் போட்டாள். செங்கேணி அந்த வாரமே மாட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தாள்.

சேதி பரவ அதிக நாள் ஆகவில்லை. சேரிக் கோயில் அரிசி என்று ஒருவர் சொன்னார். சோற்றைப் போட்டு மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். பந்தியிலிருந்து ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். ஆண்டாளம்மாளின் அண்ணன் வந்து, இன்னொரு நாள் அந்த அரிசியைத் தொட்டால் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் கரண்டியைக் கழுவி அண்டாவின் மேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெப்போமே, அருள்தாசு. பேச்சு அடங்கட்டும்" என்றார் தலைமை ஆசிரியர்.

"பேச்சு அடங்கும் ஐயா. பசி அடங்காதே. நாளைக்கு என் சம்சாரம் வந்து ஆக்கும்."

இதையும் அவர் வீட்டில் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து சொன்னபோது ஞானசுந்தரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஜெயமணி நைனா, உனக்கு இன்னா நெனப்பு? அரிசின்னதுக்கே ஊரு அந்தப் பேச்சு பேசுது. நான் ஆக்கினா யாரு துன்னுவா? மூஞ்சியில துப்பினாங்கன்னா?"

"நானும் கூட வரேன்."

"நீ மில்லுக்குப் போயிடுவ. அண்டா கிட்ட நிக்கப் போறவ நானு."

அவர் தவிடு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உன்னக் கேட்டுட்டு சொல்லியிருக்கணும். சொல்லிட்டேன். நீ வேணாம்னா வேணாம்" என்றார்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. காலையில் குளித்து, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ஜெயமணியின் கையைப் பிடித்து ஊர்த்தெரு வழியாகவே நடந்தாள். சுற்றுப்பாதை ஒன்று உண்டு. அதில் போக அவளுக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கு அடுப்புப் புகையில் அவள் கண்ணில் வந்த தண்ணீரெல்லாம் புகையால் வந்ததுதான் என்று பிற்பாடு அவள் சொல்வாள். சோறு வெந்தது, குழம்பு கொதித்தது. மணி அடித்தது. சேரிப் பிள்ளைகள் தட்டோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகளில் வசதியுள்ளவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் ஒன்றும் இல்லாதவர்கள் புங்கமரத்தடியில் இந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முதுகுகளைப் பார்த்தபோது ஞானசுந்தரிக்குக் கோபம் வரவில்லை. எல்லாம் எலும்பு தெரிகிற முதுகுகளாக இருந்தன.

அப்போதுதான் வாசலில் மணவாளன் வந்தார். பட்டு நெசவுக்காரர். அந்த வருஷம் காஞ்சிபுரத்து முதலாளி பாவு கொடுக்காமல், வீட்டில் தறி சும்மா கிடந்தது. மரத்தடிக்குப் போய்த் தன் பெண்கள் சாரதாவையும் கனகாவையும் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"எங்க ஒக்கார வெக்கறது?" என்று கேட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எடம் கீற எடத்துல ஒக்கார வெய்ங்க" என்றாள் ஞானசுந்தரி.

ஜெயமணி நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். ஞானசுந்தரி சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தன. மணவாளன் குனிந்து, சின்னவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மணவாளன் மென்று விழுங்கினார்.

"கொயம்புல உப்பு கம்மியா கீதும்மா" என்றார்.

"நாளைக்குப் பாத்துப் போடறேன்" என்றாள் ஞானசுந்தரி.

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் அங்கேயே நின்றார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எத்தனையோ பேர் பிற்பாடு அவள் சமையலைப் புகழ்ந்ததுண்டு. உப்புக் குறைச்சல் என்று அவர் சொன்னது மாதிரி எந்தப் புகழ்ச்சியும் அவளுக்கு இனிக்கவில்லை. ஊர்த்தெருக்காரர் ஒருவர், வழக்கமாகச் சமைக்கிறவளைக் குறை சொல்வது போல அவளைக் குறை சொன்னார். மரத்தடியில் இருந்தவர்களில் இரண்டு பேர் அன்றே எழுந்து வந்தார்கள். மற்றவர்கள் மெதுவாக வந்தார்கள். சிலர் கடைசி வரை வரவே இல்லை.

மில்லில் முதலியார் அருள்தாஸைக் கூப்பிட்டனுப்பினார். அவனை வேலையை விட்டு நிறுத்துங்கள் என்று பெரிய மனிதர்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏண்டா அருளு, உனக்கு இன்னாத்துக்குடா இந்த வம்பு? எனக்கும் பேஜாரு, உனக்கும் பேஜாரு."

"மொதலாளி, அண்டா உங்களுது. உங்க பேரு அதுல கீது. அது கவுந்து கெடந்தா ஊரு உங்களத்தான சொல்லும்? நான் அது காயாம பாத்துக்கினேன், அவ்ளோதான்."

முதலியாருக்கு வாய் நிறைய வெற்றிலை இருந்தது. துப்பிவிட்டு வந்து, "இப்ப இன்னா பண்ணணும்ன்ற?" என்றார்.

"நெல்லு அரைக்க வர்றவங்க பிரியப்பட்டா ஒரு பிடி போடட்டும். மிஷின் பக்கத்துல ஒரு டின்னு வெச்சிக்கிறேன். யாரையும் கேக்க மாட்டேன்."

வைத்தார். யாரையும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தத் தவிட்டு முகம் டின்னுக்குப் பக்கத்தில் நிற்கும்போது கையை மடக்கிக்கொண்டு போவது பலருக்கு முடியவில்லை. தை அறுவடைக்குப் பிறகு முதலியாரே ஒரு மூட்டை அனுப்பினார். மூட்டை வந்ததால் பெண்கள் பிடியரிசியை நிறுத்தவில்லை. முதலியார் அடுத்த மழையைப் பொறுத்து மனம் மாறுகிறவர், பிடியரிசி அப்படி இல்லை என்று ஞானசுந்தரி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அவள்தான் அதற்குக் காவல்.

ஆனால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த ஐப்பசியில் மழை வஞ்சனை இல்லாமல் கொட்டியது. கோயில் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. ஈரப் பாயில் உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டுப் போன இருசப்பன் காய்ச்சலில் படுத்தார். அருள்தாஸ் மில் விட்டதும் நேராக அவர் வீட்டுக்குப் போய்விடுவார். கஞ்சி ஊட்டுவார், முதுகு துடைத்துவிடுவார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கஞ்சி குடித்தார். கடைசி வாரத்தில் ஒரு நாள், கஞ்சி கொண்டுபோனவள் ஞானசுந்தரி.

"உன் வூட்டுக்காரன் எனக்கு ஓட்டக் காட்டல" என்றார்.

அவள் கஞ்சியை ஆற்றினாள்.

"நேத்து செங்கேணி பேப்பர் படிச்சிக் காட்டிச்சி. கடகடன்னு படிக்குது." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஓடு பேசாது இல்ல" என்றார்.

அதை அவள் அருள்தாஸிடம் வந்து சொன்னாள். பெரியவரை அடக்கம் செய்த அன்று குழியை வெட்ட வேறு யார் கையிலும் மண்வெட்டியைக் கொடுக்காமல் அவரே வெட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் நோயாளிகள் பெயரைச் சொல்லி வந்தவர், பெரியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டார். ஞானசுந்தரிதான் ஜெபத்தை முடித்து வைத்தாள்.

ஓடு போட மேலும் வருஷங்கள் ஆயின. போதகரும் சபையுமாகப் பிரயாசைப்பட்டு ஒரு வழியாக முடித்தார்கள். அருள்தாஸ் கூரை மேல் ஏறி ஓடு அடுக்கும்போது தெருவே கீழே நின்று கை மாற்றிக் கொடுத்தது.

ஜெயமணி எட்டாவது முடித்து டீச்சர் டிரெயினிங்குக்குக் காஞ்சிபுரம் போனாள். பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று சொந்தத்தில் முணுமுணுத்தார்கள். அருள்தாஸ் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார். அறுபத்தேழில் அவளுக்கு வேலை கிடைத்தது. ராஜகுளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். வேலையில் சேரும் அன்று மூன்று பேருமாகக் கிளம்பினார்கள்.

ஞானசுந்தரி சீக்கிரமே கிளப்பிவிட்டாள். பிரயோசனமில்லை. தெரு தாண்டுவதற்குள் ஒருவர் நிறுத்தி, மருமகளுக்கு மஞ்சள் காமாலை, எங்கே கொண்டுபோகலாம் என்று கேட்டார். அருள்தாஸ் நின்று விலாவாரியாகச் சொன்னார். கடைத்தெருவில் மணவாளன் பிடித்துக்கொண்டார். சாரதாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், பையன் வாலாஜாபாத் மில்லில் வேலை, குணம் எப்படி என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்து ஆண்டாளம்மாள் எதிரே வந்தாள். ஜெயமணியின் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள். அவளுடைய பேரன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறான், அருள்தாஸ் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

"நைனா, பஸ்ஸு" என்றாள் ஜெயமணி.

காஞ்சிபுரம் போகிற பஸ், ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நின்றது. புறப்பட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஞானசுந்தரி வாயில் வந்ததையெல்லாம் அடக்கிக்கொண்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து ஓடினாள். கண்டக்டர் கோபால் படியில் நின்று, உள்ளே சத்தம் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, யாருக்காக நிக்குது வண்டி? கலெக்டரா வர்றாரு?" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார்.

"மில்லு அருள்தாசு வர்றாரு. பொண்ணு டீச்சரு வேலைக்குப் போவுது. ஒக்காரு" என்றான் கோபால்.

கத்தியவர் அதற்குமேல் கத்தவில்லை. ஞானசுந்தரி ஏறினாள், பெண்ணை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். கீழே, கூடவே வந்துவிட்ட ஆண்டாளம்மாளுக்கு இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்த மனிதரை எட்டிப் பார்த்தாள். சலவைச் சட்டை, புது வேட்டி. காது மடலில் மட்டும் கொஞ்சம் தவிடு. துடைத்துவிடலாம் என்று கையில் முந்தானையை எடுத்தவள், அவர் மூச்சு வாங்க ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்ததும், முந்தானையை மடியிலேயே போட்டுக்கொண்டாள். இருக்கட்டும் என்று தோன்றியது.

"போலாம் ரைட்" என்றான் கோபால்.